கச்சை கறுத்த கதை

உலகத்தில் முதன்முதலாக பிளாக் பெல்ட் தகுதி பெற்ற இரண்டு பேர் இடுப்பிலும் பிளாக் பெல்ட் கிடையாது. 1883ஆம் ஆண்டு டோக்கியோவில் ஜிகோரோ கானோ தன் மாணவர்களில் சுனெஜிரோ தொமிதா, ஷிரோ சைகோ என்ற இருவரை அழைத்து, "இன்றிலிருந்து நீங்கள் ஷோடான்" என்று அறிவித்தார். அவ்வளவுதான். கட்டிக்கொள்ளத் துணி எதுவும் தரவில்லை. அறிவித்தவருக்கே அப்போது இருபத்திரண்டு வயதுதான். அதற்கு முந்தைய ஆண்டு எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் 12 பாய் விரிக்கும் அளவுக்கு இடம் பிடித்து, ஒன்பது பேரை வைத்துக்கொண்டு கொடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஷோடான் பெற்றவர்கள் கறுப்புக் கச்சை கட்டும் வழக்கம் இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்தது. இன்று நாம் பார்க்கும் தடித்த பருத்தி பெல்ட், 1907 வாக்கில் ஜூடோ உடையோடு சேர்ந்து வந்தது.

பல பயிற்சிக் கூடங்களில் சொல்லும் கதை வேறு. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வெள்ளை பெல்ட்தானாம். அதைத் துவைக்கவே கூடாதாம். வியர்வையும் மண்ணும் ஏறிப் பல வருஷத்தில் தானாகக் கறுத்ததுதான் பிளாக் பெல்ட்டாம். கேட்க அழகாக இருக்கிறது. சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. அழுக்கேறிய வெள்ளைத் துணி என்ன நிறத்துக்கு வரும் என்பது நம் வீட்டில் துணி துவைப்பவர்களுக்குத் தெரியும், கறுப்புக்கு வராது. பிளாக் பெல்ட் வாங்கியவர் போலீஸ் ஸ்டேஷனில் கையைப் பதிவு செய்யவேண்டும் என்ற கதையும் இதே ரகம்.

கானோ மாற்றியது துணியின் நிறத்தை மட்டுமல்ல. அவருக்கு முன்பு ஜப்பானிய ஜுஜுத்ஸு குருகுலங்களில் மாணவனின் தேர்ச்சிக்குச் சான்று, சுருட்டி வைத்த காகிதச் சுருள். முதல் சுருளுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடும். எப்போது தருவார், எதை வைத்துத் தருவார் என்பதெல்லாம் குருவுக்கே வெளிச்சம். கானோ அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். பிற்பாடு டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். வகுப்பு, பரீட்சை, தேர்ச்சி என்ற கண்ணோடு சண்டைக் கலையைப் பார்த்தார். அவருக்கு ஏணி ஒன்று தேவைப்பட்டது. அதை 'கோ' என்ற பலகை விளையாட்டிலிருந்து எடுத்தார். 17ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஆட்டக்காரர்களை 'டான்' என்று படிப்படியாகத் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். ஆக, பிளாக் பெல்ட்டின் பூர்வீகம் போர்க்களத்தில் இல்லை, நம் ஆடுபுலி ஆட்டம்போலக் காய் நகர்த்தும் ஒரு விளையாட்டில் இருக்கிறது.

'ஷோடான்' என்ற சொல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. 'ஷோ' என்றால் தொடக்கம். 'டான்' என்றால் படி. தொடக்கப்படி! நாம் முடிவு என்று நினைப்பதற்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் இது. நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. பரதநாட்டியத்தில் அரங்கேற்றம் என்றால் மேடை ஏறத் தகுதி வந்துவிட்டது, இனிமேல்தான் ஆட்டம் என்று பொருள். ஆனால் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஆல்பம் போட்ட மறுவாரமே சலங்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிய பெண்கள் எத்தனை பேர் என்று நாட்டிய ஆசிரியர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். பிளாக் பெல்ட்டுக்கும் அந்த விதிதான்.

கொடோகானில் இந்தத் தொடக்கப்படிக்கு என்ன கேட்கிறார்கள்? வயது 14 ஆகியிருக்க வேண்டும். 'நாகே நோ கட்டா' என்ற வீசியெறியும் முறைகளின் தொகுப்பில் முதல் மூன்று பிரிவுகளைச் செய்து காட்டவேண்டும். கையால் எறிவது மூன்று, இடுப்பில் ஏற்றி எறிவது மூன்று, காலைத் தட்டி எறிவது மூன்று. ஒவ்வொன்றையும் வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. ஒன்பதுதானே என்று தோன்றும். ஒரு எறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. எதிராளியின் நிலையைக் குலைக்கவேண்டும், அந்த இடைவெளிக்குள் உடம்பைப் பொருத்தவேண்டும், பிறகுதான் எறிவது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் பலத்தால் தூக்கிப் போட்டால் பரிசோதகர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. எறிபவரைப் போலவே விழுபவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. தோளுக்கு மேலாகச் சுழன்று வந்து பாயில் கையை அறைந்து அடிபடாமல் விழ முடியாதவரை வைத்துக்கொண்டு யாரும் நாகே நோ கட்டா செய்யமுடியாது. ஜூடோ வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவதே விழுவதைத்தான்.

இதோடு போட்டி. கொடோகானில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 'கோஹாகு ஷியாய்' என்று ஒரு வழக்கம் 1884 முதல் இருக்கிறது. சிவப்பு அணி, வெள்ளை அணி என்று இரண்டு வரிசை. ஜெயித்தவர் பாயை விட்டு இறங்கமுடியாது. அடுத்தவர் வருவார், அவரையும் வீழ்த்தினால் அதற்கடுத்தவர். மூச்சு வாங்க இடைவேளை இல்லை. இப்படி வரிசையாகப் பலரைச் சாய்ப்பவருக்கு அன்றைக்கே அடுத்த டான் கிடைக்கும். காத்திருப்பு, பரீட்சை எல்லாவற்றையும் தாண்டிய குறுக்கு வழி இது, அதுவும் முதுகெலும்பு முறிய நடக்கவேண்டிய குறுக்கு வழி. முதல் ஷோடான்காரர்களில் ஒருவரான சைகோவின் ஆட்டம் ஜப்பானில் கதையாகவே ஆகிவிட்டது. இன்னொருவரான தொமிதாவின் மகன் எழுதிய 'சுகாதா சன்ஷிரோ' நாவலின் நாயகனுக்கு சைகோதான் முன்மாதிரி. அகிரா குரோசாவா 1943இல் எடுத்த முதல் படம் அந்த நாவல்தான்.

ஜப்பானில் பள்ளி மாணவன் ஷோடான் வாங்குவது பெரிய செய்தி அல்ல. உயர்நிலைப் பள்ளி ஜூடோ குழுவில் ஒழுங்காகப் போய்வந்தால் வாங்கிவிடலாம். வெளிநாடுகளுக்குப் போனபோதுதான் அந்தக் கறுப்புத் துணிக்கு மந்திரவாதியின் மேலங்கி மாதிரி ஒரு ஒளிவட்டம் வந்தது. கலர் பெல்ட்டுகள் அங்கே பிறந்தவைதான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஐரோப்பிய மாணவன் பொறுமை இழந்தான். லண்டன் ஜூடோ கூடம் ஒன்றில் 1920களிலும், பிறகு 1935இலிருந்து பாரிஸில் மிகோனோசுகே கவாய்ஷி என்ற ஆசிரியரிடமும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று நடுவில் படிகள் முளைத்தன. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டெஸ்ட், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு ஃபீஸ் என்று அது எங்கே போய் நின்றது என்பது கராத்தே வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பெல்ட் டெஸ்ட். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு அம்மாக்கள். பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்: "மூணு வருஷமா வர்றான் மாஸ்டர். எப்ப பிளாக் பெல்ட் வாங்குவான்?"

மாஸ்டர் சிரித்தார். "வாங்குறதுன்னா இன்னிக்கே வாங்கலாம் சார், ஸ்போர்ட்ஸ் கடையில தொங்குது. கட்டுறதுக்குத்தான் நாளாகும்."

அந்த அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். எந்தப் பரீட்சையிலும் என்ன பாடத்திட்டம் என்று கேட்பது நியாயம்தான். ஷோடோகான் கராத்தேயில் அதற்குத் தெளிவான பதில் உண்டு: கிஹோன், கட்டா, குமித்தே. முன்னும் பின்னும் நகர்ந்து குத்தும் உதையும் தடுப்பும் கலந்து செய்வது முதலாவது. தனியாக, இல்லாத எதிரியோடு மோதும் வரிசை இரண்டாவது. ஷோடானுக்குப் பலரும் எடுத்துச் செய்வது 'பஸ்ஸாய் டாய்', நாற்பது அசைவுகளுக்கு மேல் போகும். அதோடு விடாமல் மஞ்சள் பெல்ட் காலத்தில் படித்த கட்டா ஒன்றையும் பரிசோதகர் திடீரென்று கேட்பார். பலர் சறுக்குவது அங்கேதான். புதிய பாடத்தை ஆறு மாதம் உருப்போட்டவன் பழைய பாடத்தில் இடுப்பைத் திருப்ப மறந்திருப்பான். மூன்றாவது, எதிரே ஆளை நிறுத்தி மோதுவது. நெறிப்படி நடக்கும் அமைப்புகளில் டான் பரீட்சையைச் சொந்த ஆசிரியர் மட்டும் உட்கார்ந்து போடுவதில்லை. தகுதி பெற்ற பரிசோதகர் வெளியிலிருந்து வருவார். சேர்க்கும் முன்பே பெற்றோர் விசாரிக்கவேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன். டெஸ்ட் எடுப்பவரும் ஃபீஸ் வாங்குபவரும் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆள் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

கராத்தேவுக்கு இந்த டான் முறையே இரவல். ஒகினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோ வந்த கிச்சின் ஃபுனாகோஷி, கானோவின் ஏணியைப் பார்த்துத் தன் கலைக்கும் எடுத்துக்கொண்டார். 1924இல்தான் முதன்முதலாகத் தன் மாணவர்கள் சிலருக்கு ஷோடான் தந்தார். அதற்கு முந்தைய தலைமுறை ஒகினாவா ஆசான்கள் யாரும் பெல்ட் கட்டியவர்கள் அல்ல. நம் சிலம்பத்தில் கம்பு பிடிக்கும் ஆசானுக்கும் பரம்பரையாக அப்படியொன்று கிடையாது; ஊருக்குத் தெரியும், போதும்.

டேக்வாண்டோவில் சோல் நகரின் குக்கிவோன் தலைமையகம் சான்றிதழ் தருகிறது. 15 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே 'டான்' கிடையாது, 'பூம்' உண்டு. பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு முழுக் கறுப்பைக் கட்டிவிட்டுப் போட்டோ எடுக்கும் கூடங்களை நினைத்தால், இந்த அரைக் கறுப்பு எனக்கு நேர்மையாகப் படுகிறது. மேலே போகப் போகக் காத்திருப்பும் நீளும்: முதல் டானிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு, அங்கிருந்து மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு மூன்று.

பிரேசிலிய ஜியு ஜிட்சு இதற்கெல்லாம் நேர் எதிர். பல கூடங்களில் பரீட்சை என்று தனியாக ஒன்றே இல்லை. தினமும் பாயில் உருண்டு புரள்வதை ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் முன்னே கூப்பிட்டுப் புது பெல்ட்டைக் கட்டிவிடுவார். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு வரப் பத்து வருஷம் ஆவது அங்கே சகஜம். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி 19 வயதுக்கு முன் கறுப்பு கிடையாது. அதற்குப் பிறகு 48 வருஷம் கழிந்தால்தான் உச்சியில் இருக்கும் சிவப்பு. அதாவது 67 வயதுக்குக் குறைந்தவர் யாரும் அதைக் கட்டமுடியாது. நம் நாட்டில் அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதையும் தாண்டி அங்கே பதவி உயர்வு காத்திருக்கிறது.

வயது, காலம், கட்டா, போட்டி. இவ்வளவும் எழுதி வைத்த நிபந்தனைகள். எல்லாவற்றையும் நிறைவேற்றிய பிறகும் கதவு திறக்காத ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கெய்கோ ஃபுகுடா, 1913இல் பிறந்தவர். அவருடைய தாத்தா ஹச்சினோசுகே ஃபுகுடா, இளைஞன் கானோவுக்கு ஜுஜுத்ஸு கற்பித்தவர். அந்த நன்றியில், குருவின் பேத்தியைத் தன் பள்ளியின் பெண்கள் பிரிவுக்குக் கானோவே அழைத்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். 1935இல் சேர்ந்தபோது அங்கே பெண்கள் இருபத்து நான்கு பேர். பெண்களுக்குப் போட்டி அனுமதி இல்லை, எனவே சண்டையிட்டு டான் ஏறும் வழி அடைபட்டிருந்தது. கட்டாவும் நுட்பமும்தான் மிச்சம். பிளாக் பெல்ட் கிடைத்தாலும் அதன் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும், இது பெண்ணின் கறுப்பு என்று காட்ட. கல்யாணம் செய்துகொண்டால் ஜூடோவை விட்டுவிட வேண்டியிருக்கும் என்ற நிலையில் அவர் கல்யாணத்தை விட்டார்.

1953இல் ஐந்தாம் டான் வந்தது. அத்தோடு நின்றது. ஐந்துக்கு மேல் பெண்களுக்குத் தருவதில்லை என்பது கொடோகான் விதி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றபோது 'ஜூ நோ கட்டா' என்ற தொகுப்பை உலகத்தின் முன் செய்து காட்டியவர் அவர். அப்போதும் ஐந்து. 1966இல் அமெரிக்கா போய் சான் பிரான்சிஸ்கோவில் தங்கினார், மில்ஸ் கல்லூரியில் கற்பித்தார், பெண்களுக்கென்றே கூடம் நடத்தினார். அப்போதும் ஐந்துதான். ஆண்கள் அவரைத் தாண்டி மேலே போகலாம், அவர் போகக்கூடாது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து கடிதங்கள் போய்க் குவிந்த பிறகு, 1972இல் ஆறாம் டான் வந்தது. 19 வருஷம். இந்த இடைவெளியில் அவர் கற்காமல் விட்ட பாடம் என்ன என்று எந்தப் பரிசோதகராலும் சொல்லியிருக்க முடியாது.

பிறகு படிகள் மெதுவாக நகர்ந்தன. 2006இல், 92 வயதில், கொடோகானின் ஒன்பதாம் டான். அந்தப் படிக்கு வந்த முதல் பெண். அதற்கு மேல் இருப்பது பத்து ஒன்றுதான். தொடங்கிய நாள்முதல் அந்த 2006 வரை கொடோகான் அதை 15 பேருக்குத்தான் கொடுத்திருந்தது, 15 பேரும் ஆண்கள். ஃபுகுடாவுக்குப் பத்தாம் டான் 2011இல் வந்தது, டோக்கியோவிலிருந்து அல்ல, அமெரிக்க ஜூடோ சங்கத்திடமிருந்து. அப்போது அவருக்கு 98 வயது. வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.