வெயிலில் காயும் வாணிபம்: சீனத்துச் சிப்பியும் மும்பைப் பொம்பிலும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்கள், "ஐயா, இந்தத் தடவையும் சீவக சிந்தாமணிதானா?" என்று சிரித்தார்கள். இல்லை என்றேன். இந்தத் தடவை எழுதப் போவது கருவாட்டைப் பற்றி. அதிலும், சீனக் கடற்கரையில் சிப்பியை வளர்த்து வெயிலில் உலர்த்தும் தொழிலைப் பற்றி. வந்தவாசிப் பக்கம் சமணக் குடும்பத்தில் பிறந்து, பொழுது சாய்ந்தபின் சோறுகூட உண்ணாமல் வளர்ந்தவனுக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். தேவைதான். காரணம், நான் போட்ட ஒரு கையெழுத்து.

பல வருஷங்களுக்கு முன் செம்பூரில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குத் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் கருவாட்டு வாசனை மாடிவரை வரும். சிலர் சேர்ந்து வீட்டுக்காரருக்குப் புகார் எழுதினார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கிளம்பும் நாளில் கொடிக்கயிற்றை அவிழ்க்க மொட்டைமாடிக்கு வந்த அந்த அம்மாள் கோபப்படவில்லை. என் வீட்டார் காய வைத்திருந்த சுண்டைக்காய் வற்றலைப் பார்த்து, "அண்ணாச்சி, இதுவும் வெயில்லதான காயுது?" என்று மட்டும் கேட்டார்.

மாட்டுங்காவில் நாற்பது வருஷமாகப் பருப்பும் புளியும் மிளகாயும் விற்பவன் நான். காய்ந்த சரக்குதான் என் பிழைப்பு. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். கடற்கரைகளுக்குப் போய்ப் பார்த்தேன்.

பண்டம் ஏன் கெடுகிறது? கிருமியும் பூஞ்சையும் பெருக ஈரம் வேண்டும். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அதை ஆவியாக்குகிறது. காற்று அந்த ஆவியை அடித்துக்கொண்டு போகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சரக்கு பூத்துப்போகும். ஆடி மாதத்து மழையில் மிளகாய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வற்றலுக்கும் கருவாட்டுக்கும் சாஸ்திரம் ஒன்றேதான்.

நம் மும்பையிலேயே வர்சோவா, மட், உத்தன் கடற்கரைகளில் இதைப் பார்க்கலாம். கோலி மக்கள் பொம்பில் மீனை மூங்கில் பந்தல்களில் வரிசை வரிசையாகத் தொங்க விடுகிறார்கள். தமிழில் இதற்கு வங்கரவாசி என்று பெயர். உடம்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். பிடித்த கொஞ்ச நேரத்தில் குழைந்துவிடும். அதனால் ஒரு மீனின் தாடையில் இன்னொன்றின் தாடையைக் கோர்த்து, ஜோடி ஜோடியாகக் கயிற்றில் மாட்டுகிறார்கள். பெரும்பாலும் உப்புக்கூடப் போடுவதில்லை. மழைக்காலம் ஓய்ந்தபின் வரும் வெயிலும் கடற்காற்றுமே போதும்.

கோலி மக்கள் பிடித்து உலர்த்துகிறார்கள். தென்சீனத்துக் கடலோர மக்களோ ஒரு படி மேலே போய், விதைத்து, அறுத்து, உலர்த்துகிறார்கள். சிப்பியின் குஞ்சு இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து அலையும். பிறகு கெட்டியான ஒன்றைப் பற்றிக்கொண்டால் ஆயுள் முழுவதும் அங்கேயேதான். இதைக் கண்டுகொண்டவர்கள் ஆறு கடலில் கலக்கும் சேற்று நிலத்தில் கல்லையும் தூணையும் நட்டார்கள்; பின்னாளில் மிதவைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். தீனி எதுவும் போட வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று அதுவே வளரும். சிப்பி கொழுப்பது குளிர்காலத்தில். வறண்ட வாடைக்காற்று வீசுவதும் அப்போதுதான். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, பச்சையாகவோ சற்று வேகவைத்தோ தட்டிகளில் பரப்புவார்கள். ஹாங்காங்கின் வடமேற்கு மூலையில் உள்ள லாவ் ஃபாவ் ஷான் இதற்குப் பேர்போன ஊர்.

வியாபாரியாகிய என்னைக் கவர்ந்தது இதன் பெயர். காய்ந்த சிப்பிக்குக் கான்டனீஸ் மொழியில் 'ஹோ சி'. 'நல்ல வியாபாரம்' என்பதற்கும் ஏறக்குறைய அதே ஒலி. அதனால் சீனப் புத்தாண்டு விருந்தில் அது இல்லாமல் இருக்காது. தீபாவளிக்கு நம் குஜராத்தி அன்பர்கள் புதுக்கணக்கில் 'சுப் லாப்' என்று எழுதுகிறார்களே, அதுபோல அவர்கள் தட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள்.

இந்தத் தொழிலின் பழமைக்குச் சாட்சியாக ஒரு பாலம் நிற்கிறது. ஃபூஜியன் மாநிலத்துச் சுவான்சௌ நகருக்கு அருகில், சாய் சியாங் என்ற அதிகாரியின் காலத்தில், 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட லோயாங் கல்பாலம் அது. கடல்வாயில் அடிக்கும் வெள்ளம் அடிக்கற்களைப் புரட்டாமல் இருக்க, அவற்றின்மேல் சிப்பியை வளர விட்டார்கள். சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகிக் கல்லைக் கல்லோடு பிணைத்தன. பிறகு அந்தப் பாலத்துச் சிப்பியை எடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டமே வந்தது. உயிரைக் கொல்லாமல் விட்டதால் பாலம் உறுதியானது என்று படித்தபோது, சமணனாகிய எனக்கு மெய் சிலிர்த்தது.

அதே சுவான்சௌவில்தான் 1281ஆம் ஆண்டு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குப்ளாய் கானின் ஆட்சியில் தமிழ் வணிகர்கள் அங்கே சிவாலயம் எடுத்திருக்கிறார்கள். நம்மைப் போலவே பிழைக்கப் போன இடத்தில் கோயிலும் மொழியும் காத்தவர்கள். சிப்பி தின்னும் ஊரில், அண்டை வீட்டு வாசனையோடுதான் அவர்களும் வாழ்ந்திருப்பார்கள்.

நம் நாட்டிலும் சிப்பி வளர்ப்பு உண்டு. ஆளி என்று நம் கடற்கரையில் சொல்லும் இனத்துக்கு விஞ்ஞானப் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இதை வளர்த்துக் காட்டினார்கள். சுண்ணாம்பு பூசிய ஓடுகளைக் கடலில் வைத்துக் குஞ்சுகளைப் பிடித்து, தட்டுகளில் இட்டு வளர்த்தார்கள். பின்னர் கேரளத்து அஷ்டமுடிக் காயலில் இது குடும்பத் தொழிலாகவே வேரூன்றியது.

ஆனால் சிப்பிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரை வடிகட்டுவதால், அதிலுள்ள நல்லதும் கெட்டதும் அதன் உடம்பில் தங்கும். ஷென்சென் பெருநகரமானபின் ஷாஜிங் கரையில் நீர் கெட்டு, பேர்பெற்ற அந்த வளர்ப்பு வேறு கரைகளுக்கு இடம்பெயர்ந்தது. இங்கே தாராவியும் ஒரு காலத்தில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய கோலி மீனவர் ஊர்தான். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. மிட்டி நதி கொண்டு வரும் கழிவு கலக்கும் அந்தக் கழிமுகத்தில் சிப்பி விளைந்தாலும் யார் வாயில் வைப்பது? கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற நாம், அந்தச் சாக்கடையைப் பற்றி எத்தனை புகார் எழுதினோம்?

கடைசியாக நற்றிணைக்கு வந்தேன். நாற்பத்தைந்தாம் பாட்டு நெய்தல் திணை. தேரில் வந்த பெரிய இடத்துப் பிள்ளையிடம் பரதவர் வீட்டுத் தோழி பேசுகிறாள். நாங்கள் காயும் சுறாமீனுக்குக் காவலிருந்து பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், தள்ளியே நில்லுங்கள் என்கிறாள். பள்ளியில் படித்தபோது அதை அடக்கம் என்று நினைத்தேன். இப்போது படித்தால் அதில் தன்மானம் தெரிகிறது. மொட்டைமாடியில் நான் கேட்டதும் அதே குரல்தான்.

என் விரதம் இன்றும் மாறவில்லை; மாறவும் மாறாது. ஆனால் அது என் வாய்க்கு நானே போட்டுக்கொண்ட கட்டு. அடுத்தவர் அடுப்பை அணைக்க அது எனக்குக் கொடுத்த அதிகாரம் அல்ல. அந்த அம்மாள் இந்த மலரைப் படிக்க நேர்ந்தால், "ஆமாம் தாயி, இதுவும் வெயில்லதான் காயுது" என்பதே என் பதில். இளைய தலைமுறைக்கு ஒன்று சொல்வேன். வாசனை பிடிக்கவில்லை என்றால் ஜன்னலைச் சாத்துங்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.