ஸ்கோப்பா, பைனாகுலரா? 8×42 என்ற எண்ணைப் படிக்கும் முறை

ரைபிள் ஸ்கோப்பில் 3-9×40 என்று போட்டிருக்கும். 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று அர்த்தம். பைனாகுலரிலும் இதே கணக்குதான். 8×42 என்றால் 8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்.

எங்கள் ஊர் இண்டூர். மேற்கே போனால் பென்னாகரம், அதையும் தாண்டினால் ஒகேனக்கல் காடு. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் வரும் பகுதிதான். அந்தக் காலம் முடிந்துபோச்சு. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. 2022ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் வந்துவிட்டது. ஆகவே "எந்த வேட்டை ஸ்கோப் வாங்கலாம்?" என்று கேட்டால், என் பதில் "ஸ்கோப்பே வேண்டாம்" என்பதுதான்.

ஆனால் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டிய தேவை இங்கே நிஜமாகவே இருக்கு. காட்டோரம் ராகி போட்டிருப்பவர்களைக் கேளுங்கள். இருட்டும் நேரத்தில் கொல்லை ஓரத்தில் தெரியும் கருப்பு உருவம் பாறையா, யானையா? கிட்டே போகாமல் இதைத் தெரிந்துகொள்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, 10,000 முதல் 20,000 ரூபாய் வரை நடுவிலை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காசை ஸ்கோப்பில் போட்டால் அதில் கணிசமான பகுதி துப்பாக்கிக்கான வேலைக்கே போய்விடும். சுடும்போது வரும் உதையைத் தாங்க வேண்டும். குறிக்கம்பி இம்மியும் நகரக்கூடாது. திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் 100 மீட்டரில் குறி 7 மி.மீ. போலத்தான் நகர வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு இதெல்லாம் எதற்கு? பைனாகுலரில் அந்தக் காசு கண்ணாடிக்குப் போகும். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், நோட்டமும் அகலம்.

அடுத்து, எத்தனை மடங்கு? "20 மடங்கு, 50 மடங்கு" என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்.

8×42: 5.25 மி.மீ.
10×42: 4.2 மி.மீ.
10×25: 2.5 மி.மீ.
20×50: 2.5 மி.மீ.

பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2, 3 மி.மீ. தான் திறந்திருக்கும். அப்போது எல்லாமே நன்றாகத் தெரியும். கடையில் பகலில் பார்த்து ஏமாறுவது இதனால்தான். அந்தி நேரத்தில் கண்மணி 5 மி.மீ. அல்லது அதற்கு மேலும் விரியும். அப்போது 2.5 மி.மீ. வட்டம் போதாது, காட்சி மங்கிவிடும். போதாததற்கு, 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது.

அடுத்தது கண்ணாடி. பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4% ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி. அதனால் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு ('ஃபுல்லி மல்டி-கோட்டட்') இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'கோட்டட்' என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு. உள்ளே இருக்கும் பட்டகம் பாக்-4 கண்ணாடியாக இருப்பது நல்லது. மழைக்காலத்தில் உள்ளே பனி படியாமல் இருக்க நைட்ரஜன் நிரப்பியது வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவும்.

கடையில் ஒரு சின்ன சோதனை செய்யலாம். பைனாகுலரை ஒரு அடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்து நீட்டுங்கள். கண்வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரி தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் கடைக்குப் போங்கள்.

என் தேர்வு 8×42. அதில் யானை தெரிந்தால் அங்கேயே நின்று வனத்துறைக்குப் போன் போடுங்கள். தூரத்தில் இருந்தபடியே முடிவெடுக்கத்தானே இந்தக் காசு.