மென்னிலத்தில் மெல்ல நடப்போம்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைக்குத் தனியொரு பொலிவு வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, புல் நுனியில் பனித்துளி தங்கும். விடியற்காலையில் வெப்பம் 20 பாகைக்குச் சற்று மேல் இருந்தாலும், நம் பெரியவர்கள் காதை மூடித் தலைக்குல்லா அணிந்தே வெளியே புறப்படுவர். ஆண்டு முழுவதும் வெயிலுக்கு அஞ்சி வாழும் நமக்கு, நடை பழகுவதற்கென்றே அமைந்த பருவம் இது.

இதே நாள்களில், கனடாவில் குடியேறிய பிள்ளைகளிடமிருந்து சில வீடுகளுக்கு வேறுவிதமான படங்கள் வரும். முழங்காலளவு வெண்பனி, அதன்மேல் குடும்பமே நடந்து செல்கிறது, ஒவ்வொருவர் காலிலும் பூப்பந்து மட்டையைப் போல் அகன்ற ஒரு சட்டம் கட்டப்பட்டிருக்கிறது. இதுதான் பனிநடைக் காலணி.

அகன்ற அடியின் இரகசியம்

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பன்னெடுங்காலமாகக் கையாண்டுவரும் கருவி அது. மரச் சட்டத்தை வளைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தோல் வாரினைப் பின்னி, காலில் கட்டிக்கொண்டனர். இக்காலத்தில் அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்கின்றனர். தத்துவம் ஒன்றே. நம் பாதத்தின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். பனிநடைக் காலணியோ 1,000 சதுர சென்டிமீட்டருக்கும் மிகுதியாகப் பரவியிருக்கும். உடலின் எடை குறைவதில்லை. அது பரவிவிடுவதால் ஓரிடத்தில் விழும் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிறது. எனவே கால் புதைவதில்லை.

இதற்காக மலைக்கோ காட்டுக்கோ செல்லவேண்டும் என்பதில்லை. மொன்றியல் நகரின் நடுவே 1876-இல் திறக்கப்பட்ட மவுண்ட் ராயல் பூங்காவிலும், தமிழர் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோவை அடுத்த ரூஜ் நகர்ப்புறத் தேசியப் பூங்காவிலும் குளிர்காலந்தோறும் இந்த நடை நிகழ்கிறது. பனி கொட்டுகிறதென்று அம்மக்கள் கதவை அடைத்துக்கொண்டிருப்பதில்லை. நிலத்தின் இயல்பறிந்து அதற்கேற்ப அடி வைக்கின்றனர்.

நம் ஊரின் மென்னிலம்

நமக்குப் பனிப்பரப்பு இல்லை. ஆனால் கால் புதையும் நிலம் உண்டு. அதன்மேல் நடக்கும் கலையை அறிந்த உயிரினமும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் காணப்படும் இலைக்கோழி என்னும் பறவையைப் பாருங்கள். அதன் விரல்களும் நகங்களும் உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்டவை. அவற்றை விரித்து வைப்பதால், மிதக்கும் தாமரை இலைமீதும் அது மூழ்காமல் நடக்கிறது. கனடியர் காலில் கட்டிக்கொள்வதை இப்பறவை பிறவியிலேயே பெற்றிருக்கிறது.

அத்தகைய மென்னிலம் ஒன்று சென்னையின் நடுவே, இராஜா அண்ணாமலைபுரத்திலும் இருக்கிறது. அடையாறு கடலோடு கலக்குமிடத்தில் கிளைத்து, குவிபிள் தீவை வளைத்து உள்ளே செல்லும் உப்பங்கழி அது. ஏற்றவற்றங்களில் கடல்நீர் வந்து செல்ல, நன்னீரும் உப்புநீரும் கலந்து, மீன்குஞ்சும் நண்டும் வளர்ந்த இடம். சேற்று நிலம் பயனற்றதென்று எண்ணிய நகரத்தார், கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் பல்லாண்டுகள் அங்கே கொட்டினர். கழி தூர்ந்தது; நாற்றம் எழுந்தது. பொதுநல ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று அதற்காக வாதாடினர்.

பின்னர் அரசு முன்வந்து குப்பையை அகற்றி, நீர்நிலைகளை ஆழப்படுத்தி, அலையாத்தி மரங்களையும் இம்மண்ணுக்குரிய பிற மரஞ்செடிகளையும் நடச்செய்தது. 58 ஏக்கர் பரப்பில் அமைந்த அது, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரால் திறக்கப்பட்டது. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று வகுத்தவர் தொல்காப்பியர்; மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்பது நம் மரபு. நிலத்தையும் பருவத்தையும் கண்டு உணரவேண்டிய பூங்காவிற்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது?

சேறு செய்யும் தொண்டு

இம்மென்னிலம் வெறும் கண்காட்சியன்று. கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல், சதுப்பு நிலம் மழைநீரைத் தாங்கி, மெல்ல மெல்ல விடுவிக்கிறது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியதை மறந்தவர் யார்? பெருமழையும் ஏரிநீரும் ஒருங்கே வந்தன என்பது மெய். ஆயினும், நீர் தங்கவும் பரவவும் வேண்டிய இடங்களை நாம் மேடாக்கிவிட்டோம் என்பதும் மெய்யே. எடை பரவ இடமிருந்தால் கால் புதையாது. வெள்ளம் பரவ இடமிருந்தால் வீடு மூழ்காது. இரண்டும் ஒரே பாடந்தான்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைத் திரையரங்கிற்கும் கடைவீதிக்கும் அழைத்துச் செல்கிறோம். ஒரு நாளாவது இத்தகைய பூங்காவிற்கு அழைத்துச் செல்லலாகாதா? அனுமதி நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி நெடுந்தொலைவு பறந்து வரும் உள்ளான் வகைப் பறவைகளை அடையாற்று முகத்துவாரத்தில் காண்பதற்கு ஏற்ற காலமும் இதுவே. பறவைகளின் கால்களைப் பிள்ளைகள் உற்றுநோக்கட்டும். எது சேற்றில் நடக்கும், எது நீரில் நீந்தும் என்று அவர்களே கூறட்டும்.

சென்ற இடத்தில் உரத்துப் பேசாதீர்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். தின்பண்ட உறைகளை எறியாதீர்கள். ஒருவர் வைக்கும் ஓர் அடி சிறிதுதான். ஆயிரம் பேர் வைக்கும்போது இளஞ்செடி மடிகிறது, மண் இறுகிவிடுகிறது, இறுகிய மண்ணில் நீர் இறங்காது.

பனி நாட்டினர் நிலத்தில் புதையாதிருக்க அகன்ற காலணி அணிகின்றனர். நமக்கு வேண்டியது, நிலத்தைப் புதைத்துவிடாத அடக்கமான நடை. அதனைச் சிறு வயதிலேயே பழக்கிவிட்டால், குப்பைமேட்டிலிருந்து மீட்ட இக்கழி, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நீர் நிறைந்து நிற்கும்.