விறகு எங்கே போகிறது? எக்ஸெல் தந்த விடை

நான் வசிப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நகரத்துக்கு வெளியே. ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிர் இங்கே புதிதல்ல. இப்பகுதியில் பலர் வீட்டுக்கு வெளியே விறகு பாய்லர் வைத்திருப்பார்கள். அதில் சூடாகும் தண்ணீர், மண்ணுக்கடியில் உள்ள குழாய் வழியே வீட்டுக்கு வந்து அறைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு முறை அடுக்கிய விறகு 7 மணி நேரம்தான் எரிந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பனியில் நடக்க வேண்டும். ஏப்ரல் வரை வர வேண்டிய விறகு பிப்ரவரியிலேயே தீர்ந்துவிடும் போலிருந்தது.

முதலில் விறகைத்தான் சந்தேகப்பட்டேன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.7 யூனிட் வெப்பம் வீணாகும். விறகைப் பிளந்து உட்புறத்தில் ஈரப்பத மீட்டரை வைத்துப் பார்த்தேன். 18 சதவீதம். 20க்குள் இருந்தால் போதும். எனவே விறகில் குற்றமில்லை.

அடுத்து கம்ப்யூட்டரின் உதவியை நாடினேன். ராஸ்பெரி பை ஒன்றில் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்கள் இரண்டை இணைத்தேன். ஒன்று வெந்நீர் பாய்லரை விட்டு வெளியேறும் இடத்தில். மற்றொன்று வீட்டுக்குள் நுழையும் இடத்தில். இவை அரை டிகிரி வரை தவறாகக் காட்டலாம். எனவே முதலில் இரண்டையும் ஒரே ஐஸ் தண்ணீரில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிமிடத்திற்கு ஒரு முறை பதிவான அளவுகளை எக்ஸெல்லில் திறந்தேன். பார்முலா எளிது. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதை 4.186ஆல் பெருக்கி, வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்கி, 60ஆல் வகுத்தால் இழப்பு கிலோவாட்டில் கிடைக்கும்.

என் பம்ப் தள்ளுவது 20 லிட்டர். வித்தியாசம் 4 டிகிரி. விடை 5.6 கிலோவாட், அதாவது நாளொன்றுக்கு 134 யூனிட்! ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4 யூனிட் உண்டு. அதில் பாதி தண்ணீரில் சேர்ந்தால்கூட, தினமும் 67 கிலோ விறகை மண்ணைச் சூடாக்கவே எரித்திருக்கிறேன்!

பனி உருகியதும் தோண்டினேன். வெளிக்குழாய்க்குள் தண்ணீர் புகுந்து, வெப்பக்காப்பு உறை முழுவதும் நனைந்திருந்தது. நுரை நிரப்பிய குழாய் பதித்தேன். இப்போது வித்தியாசம் அரை டிகிரிக்கும் குறைவு. அதே குளிரில் அதே அளவு விறகு 10 மணி நேரத்துக்கு மேல் நின்று எரிகிறது. இரவில் எழ வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் உள்ளதா? குளியலறை வரை வரும் குழாய்க்கும் இதே பார்முலாதான். ஒரு முறை அளந்து பாருங்களேன்.