குருதி வளர்ப்பும் நுண்ணுயிர்க்கொல்லி உணர்திறன் சோதனையும்: தெரணியகலைத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

ஒருவரது குருதியோட்டத்திற் புகுந்துள்ள கிருமி எது, அதனை அடக்கவல்ல மருந்து எது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே மருத்துவமனை நுண்ணுயிரியலாளரின் முதன்மைப் பணியாகும். இலக்கிய மாணவராகிய நாம் இதுபற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஓர் ஆவணம் யாரால் ஆக்கப்பட்டது, யாருடைய சாட்சியத்தைக் கொண்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று வினவுவது நமது துறையின் வழக்கம். ஆய்வுகூடங்கள் வெளியிடும் மருந்தெதிர்ப்பு அட்டவணைகளும் இத்தகைய ஆவணங்களே. தெரணியகலையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நின்று நோக்கும்போது அவ்வட்டவணைகளில் ஒரு வெற்றிடம் புலப்படுகின்றது. அவ்வெற்றிடம் உண்டாகும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சோதனையை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். குருதியோட்டத் தொற்று உயிராபத்தானது. ஆனால் அதற்குக் காரணமான கிருமிகள் குருதியில் மிகச் சிலவாகவே இருப்பதுண்டு. வளர்ந்தோரிற் பல வேளைகளில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கிருமிகூடத் தேறாது. எனவே ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பதாற் பயனில்லை. எட்டுப் பத்து மில்லிலீற்றர் குருதியை எடுத்துப் போசணைக் கரைசல் நிரம்பிய புட்டியிலிட்டு, உடல் வெப்பநிலையில் ஐந்து நாள் வரையிற் காத்திருக்க வேண்டும். குருதி எடுக்கும் தோலைச் செவ்வனே தூய்மை செய்யாவிடின் தோலில் வாழும் தீங்கற்ற கிருமி புட்டியினுட் புகுந்து பொய்ச்சாட்சி கூறும். அதன்பொருட்டே வெவ்வேறு இடங்களிலிருந்து இருமுறை குருதி எடுக்கும்படி வற்புறுத்தப்படுகிறது.

புட்டியிற் கிருமி வளர்ந்ததும் அதனைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட அடர்த்தியில் ஏகார்த் தட்டின்மீது பரப்புவர். அதன்மேல் மருந்தூட்டிய சிறு காகித வில்லைகளை வைத்து ஓரிரவு விடுவர். மருந்து வேலைசெய்யும் இடத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றும். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டு, உணர்திறன் உடையது, எதிர்ப்புடையது என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. சியாற்றிலில் போவர், கேர்பி முதலியோர் 1966 இல் ஒழுங்குபடுத்திய முறை இது. இலங்கையில் நெடுங்காலம் கையாளப்பட்டது வேறொரு முறை. இலண்டன் நுண்ணுயிரியலாளர் ஜோன் ஸ்டோக்ஸ் வகுத்த அம்முறையில், இயல்பு அறியப்பட்ட ஒரு கிருமியையும் நோயாளியின் கிருமியையும் ஒரே தட்டில் அருகருகே வளர்த்து ஒப்புநோக்குவர். ஒவ்வொரு தட்டும் தன் அளவுகோலைத் தானே சுமந்திருப்பதால், ஊடகத்தின் தரம் சற்று வேறுபட்டாலும் முடிவு பெரிதும் பிறழாது. வசதி குறைந்த ஆய்வுகூடங்களுக்கு இது பொருத்தமானது என்பது நமது கருத்து. எனினும் பிறநாட்டு முடிவுகளோடு ஒப்பிடும் தேவை வலுப்பெறவே, அமெரிக்கத் தராதரங்கள் இங்கும் வந்து சேர்ந்தன.

ஆக, குருதி எடுத்த வேளையிலிருந்து மருந்தின் பெயர் உறுதியாகும் வரை குறைந்தது இரண்டு நாட்கள் கழிகின்றன. அதுவரை மருத்துவர் ஊகத்தின்பேரிலேயே மருந்து கொடுக்கிறார். அவ்வூகம் முன்னர் வந்த நோயாளரின் பெறுபேறுகளைத் தொகுத்த அட்டவணையிலிருந்து பிறக்கின்றது. அவ்வட்டவணையில் இடம்பெறாத மக்களுக்கும் அதே ஊகத்தின்படியே மருந்து கொடுக்கப்படுகிறது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒரு நோயின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். மெலியொயிடோசிஸ் என்பது மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் உண்டாவது. பல வேளைகளிற் குருதியோட்டத்தைத் தாக்குவது. இரங்கூனில் வற்றி மெலிந்த வறியவர்கள், மோர்பியா ஊசிக்கு அடிமையானவர்கள் ஆகியோரின் சடலங்களில் இதனைக் கண்டு 1912 இல் விரிவாக எழுதியவர்கள் இருவர்: விற்மோர், கிருஷ்ணசாமி. நோய்க்கு வழங்கிய பெயரோ ‘விற்மோர் நோய்’. அடிமைப்பட்ட நாட்டின் உதவி மருத்துவரது பெயர் அதில் இடம்பெறவில்லை.

இலங்கையில் இந்நோய் முதன்முதலாக 1927 இற் பதிவாயிற்று. நோயாளி ஓர் ஐரோப்பியர், தேயிலைத் தரகர். சேற்றில் இறங்கியவர்களும் மண்ணைக் கிளறியவர்களும் இலட்சக்கணக்கில் வாழ்ந்த நாட்டில், மண்ணிலுறையும் கிருமியின் முதற் சாட்சி ஒரு தரகரது உடலிலிருந்து வந்தமை தற்செயலன்று. அவரது நோயை ஆய்வுகூடம் வரை கொண்டுசெல்லும் ஏற்பாடு இருந்தது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், தனித்த சில நேர்வுகள் தவிர, இந்நோய் இந்நாட்டில் இல்லையென்றே கருதப்பட்டது.

2006 இற்குப் பின்னரே நிலைமை மாறியது. கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரயாவும், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வசந்தி தேவநேசம் உள்ளிட்ட பிறரும் மேற்கொண்ட தேடலின் பயனாக, 2017 வரையில் இருநூறுக்கு மேற்பட்ட நோயாளரில் இந்நோய் வளர்ப்புச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. இவர்களுட் பலர் நீரிழிவு உடையவர்கள். நெல் வயலில் உழைப்போரும் இருந்தனர். கிருமி புதிதாக வந்ததன்று; தேடுவோர் புதிதாக வந்தனர்.

தேடிய விதமும் நமக்குப் பாடமாகும். இக்கிருமியைச் சாதாரண ஆய்வுகூடம் வேறொரு மாசுக் கிருமியெனக் கருதி வீசிவிடுதல் எளிது. ஆனால் உணர்திறன் தட்டில் அது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பொதுவாக அது ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாது. அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்துக்குப் பணியும். மருந்தைத் தெரிவதற்காக வைத்த வில்லைகளே கிருமியின் பெயரையும் சுட்டுகின்றன. ஐயத்துக்குரியவற்றை வீசாமற் கொழும்புக்கு அனுப்புங்கள் என்ற ஒரு வேண்டுகோள் பல மருத்துவமனைகளின் தட்டுகளைப் புதிதாக வாசிக்க வைத்தது. ஜென்டாமைசினை நம்பிக் காத்திருந்தால் நோயாளி இறக்க நேரிடும். செப்டசிடிம் அல்லது மெரோபெனம் நாளக்குழாய் வழியே செலுத்தப்பட்டு, பின்னர் மாதக்கணக்கில் வேறு மருந்து தொடர வேண்டும்.

இனித் தெரணியகலைக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, அல்லது விடியலிற் பால் வெட்டப்போகும் ஓர் ஆணுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டதாகக் கொள்வோம். ஒருநாள் வேலைக்குச் செல்லாவிட்டால் அன்றைய பேர் இல்லை. எனவே முதல்நாள் பரசிட்டமோல். இரண்டாம் நாள் தோட்ட டிஸ்பென்சரியிலோ பட்டினத்து மருந்துக்கடையிலோ நாலைந்து அன்டிபயோட்டிக் குளிசை. மருந்துச்சீட்டின்றி விற்பது சட்டத்துக்கு முரணெனினும் நடைபெறவே செய்கின்றது. காய்ச்சல் சற்றே தணிந்ததும் மலையேறுவர். மீண்டும் விழுந்தபின்னரே தல்துவை வழியாக அவிசாவளைக்கோ, அதற்கப்பாலுள்ள பெரியாஸ்பத்திரிக்கோ பயணம். அங்கே புட்டியிற் குருதி எடுக்கப்படும்போது ஏற்கெனவே உட்கொண்ட குளிசை கிருமியை முடக்கியிருக்கும்; கொன்றிராது. ஐந்து நாட் சென்றும் புட்டி தெளிவாகவே இருக்கும். ‘வளர்ச்சி இல்லை’ என்று படிவத்தில் எழுதப்படும். அட்டவணைக்கு இத்தொழிலாளி நோயற்றவரே. நாம் முற்கூறிய வெற்றிடம் இவ்வாறே தோன்றுகிறது.

இதனைத் தொழிலாளரின் அறியாமை என்று கூறிவிடுவோர் உளர். அவ்விளக்கம் நமக்கு உடன்பாடன்று. தோட்ட மருத்துவம் தொடக்கத்திலிருந்தே உழைப்பைப் பழுதுபார்க்கும் ஏற்பாடாக அமைந்தது. 1872 இலும் 1912 இலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டங்கள் மருந்தகம், மருத்துவமனை, செலவு ஆகியன பற்றிப் பேசின. நோயின் காரணத்தைத் தோட்டத்திலேயே ஆராயும் கூடத்தை அவை கருதவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தமும், 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றமையும் உடைமையை மாற்றின. டிஸ்பென்சரியின் தன்மையைப் பெரிதும் மாற்றவில்லை.

மருந்துப் பண்டத்தின் அரசியலை நமது நாட்டில் தெளிவுறக் கண்டவர் பேராதனை மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராக அவர் மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, வணிகப்பெயரை விடுத்து மூலப்பெயரால் வாங்கும் முறையை வற்புறுத்தினார். 1974 இல் வாந்திபேதி பரவியபோது கூட்டுத்தாபனம் தருவித்த மூலப்பொருளைக் கொண்டு டெற்றாசைக்கிளின் குளிசை ஆக்கித்தர ஒரு பன்னாட்டு நிறுவனம் மறுத்தமை பதிவிலுள்ள செய்தி. பிபிலே 1977 இல் கயானாவில் மறைந்தார். மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவரது போராட்டம். அது இன்னும் முற்றுப்பெறாதிருக்க, கிடைக்கும் மருந்து பயனற்றுப்போகும் சிக்கல் அதன்மேல் வந்து ஏறியுள்ளது. 2019 இல் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 இலட்சம் மரணங்களுக்குப் பற்றீரியாக்களின் மருந்தெதிர்ப்பு நேரடிக் காரணம் என மதிப்பிடப்பட்டது. இலங்கையிலும் 2017 முதல் 2022 வரைக்கான தேசிய உபாயத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. அக்காலத்தின் இறுதியாண்டிலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துக்கே தட்டுப்பாடு ஏற்பட்டதையும் கண்டோம்.

நமது வாதம் ஒவ்வொரு தோட்டத்திலும் ஆய்வுகூடம் அமைக்கவேண்டும் என்பதன்று. குருதிப் புட்டியைக் குளிரூட்டியில் வைக்கலாகாது. அறை வெப்பநிலையிலேயே வைத்துச் சில மணித்தியாலங்களில் ஆய்வுகூடத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். காலை பஸ்ஸில் ஏறும் ஒருவரது கைப்பைக்குள் அது அடங்கும். முதற் குளிசைக்கு முன்னர் குருதி எடுக்கப் பயின்ற ஒருவர் கீழே டிஸ்பென்சரியில் இருத்தல் வேண்டும். மருத்துவமனைக்குச் சென்ற நாளுக்கு அரைப்பேராவது கிடைத்தல் வேண்டும். புட்டியின்மீது ஒட்டும் தாளில் பெயர், வயது, எடுத்த நேரம், முன்னர் உட்கொண்ட மருந்து ஆகியவற்றோடு தோட்டத்தின் பெயரும் டிவிசனும் எழுதப்படுதல் வேண்டும்.