பனிப்பாறை நடுவே கயாக்.. பெசன்ட் நகர் கடலிலும் போகலாமா? இறங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

நீல நிறத்தில் பனிப்பாறை. அதன் முன்னே கண்ணாடி போல அசையாத கடல். வரிசையாக நாலைந்து கயாக் படகுகள். ராத்திரி ஆனால் கரையில் கூடாரம். அலாஸ்கா வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம பெசன்ட் நகர்லயும்தான் கடல் இருக்கு, இங்கேயே துடுப்பு போட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கடல் வேறு, இந்தக் கடல் வேறு.

அலாஸ்காவில் எது ஆபத்து?

அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் முதல் எதிரி குளிர். பனி உருகி வரும் நீரில் தவறி விழுந்தால், முதல் சில நிமிடங்களிலேயே மூச்சு திணறும், கை விரல்கள் சொன்னபடி கேட்காது. அடுத்தது பனிப்பாறையே. அதன் முகப்பு திடீரென உடைந்து விழுந்தால் பெரிய அலை எழும். அதனால் கால் மைலாவது, அதாவது சுமார் 400 மீட்டர் தள்ளியே நிற்கச் சொல்வார்கள்.

அங்கே கடல்மட்டம் 25 அடி வரை ஏறி இறங்கும். கூடாரத்தைத் தப்பான இடத்தில் போட்டால், தூக்கத்திலேயே தண்ணீர் வந்துவிடும். கரடி வரும் என்பதால் சாப்பாட்டையும் தனி டப்பாவில் பூட்டி, கூடாரத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் வழிகாட்டி.

சென்னையில் என்ன பிரச்சனை?

இங்கே தண்ணீர் வெதுவெதுப்பு. கடல்மட்டம் ஏறி இறங்குவதும் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால், மலைகளுக்கு நடுவே ஒதுங்கிய அலாஸ்கா விரிகுடா போல சென்னைக்கு மறைப்பு எதுவும் இல்லை. வங்கக்கடல் அலை நேராக வந்து, கரைக்குப் பக்கத்திலேயே உடைகிறது. கயாக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் அலை அதைப் புரட்டிப் போட்டுவிடும். உள்ளே போவதை விடத் திரும்பி வருவதுதான் கஷ்டம். பின்னால் வரும் அலை கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, இழுவை நீரோட்டம். கரையில் மோதிய தண்ணீர், மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளம் வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும். 'இங்கே அமைதியா இருக்கே' என்று பலர் இறங்குவதும் அங்கேதான். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

காற்று எந்தப் பக்கம்?

அதிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கடல் தட்டையாகத் தெரியும், ஆனால் படகை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கோடையில் மதியத்தை ஒட்டி கடல்காற்று எழும்பும், அலை கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புதிதாகக் கற்பவர்கள் அப்போது கடல் பக்கம் படகோடு போகாமல் இருப்பதே நல்லது.

அடையாறு முகத்துவாரம் ஓகேவா?

இல்லை. உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஆறு கடலில் சேரும் இடம் ஒரே மாதிரி இருக்காது. சில மாதங்களில் மணல் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டு ஓடும். கழிவுநீர் கலப்பது தனிப் பிரச்சனை. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் துடுப்புப் படகு ஓட்டுகிறதே என்று கேட்கலாம். அது மேலே, ஆற்றில். முகத்துவாரத்தில் அல்ல.

கரையில் கூடாரம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் அமைப்பு ஒன்று இரவில் நடந்தே அந்த முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறது. கரையில் விளக்கு எரிந்தால், பொரித்து வரும் குஞ்சுகள் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் போய்விடும். டென்ட், டார்ச், பாட்டுச் சத்தம் எல்லாம் இங்கே சாதாரண விஷயம் இல்லை.

அப்போ எங்கே கத்துக்கிறது?

அலை இல்லாத உப்பங்கழியில் தொடங்குவதுதான் சரி. ஈசிஆரில் முட்டுக்காடு, கோவளம் பக்கம் அப்படிப்பட்ட நீர்நிலை இருக்கிறது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

• ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?
• அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டா?
• கவிழ்ந்த படகில் திரும்ப ஏற, முதலில் பயிற்சி தருவார்களா?
• மீட்புக்குத் தனிப் படகு நிற்குமா?
• வானிலை சரியில்லை என்றால் ரத்து செய்து பணம் திருப்பித் தருவார்களா?

கடைசிக் கேள்விக்கு 'தர மாட்டோம்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். பணம் போய்விடுமே என்றுதான் பலர் மோசமான கடலிலும் இறங்குகிறார்கள். போகும் நாளில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் அலை எச்சரிக்கையையும் பாருங்கள். குப்பத்து மீனவர்கள் அன்று கடலுக்குப் போகவில்லை என்றால், அதுவே போதுமான எச்சரிக்கை.

அவசர உதவிக்கு: கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

எலியட்ஸ் பீச்சில் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்த வெள்ளை மண்டபம், 1930-ல் இதே கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். அடுத்த முறை அங்கே போட்டோ எடுக்கும்போது கடலையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.