ஒன்பது கோல் இடைவெளி

நேயர்களே, ஹேண்ட்பால் என்பது நாம் வலைக்கு மேலே தட்டியாடும் கைப்பந்து அன்று. அணிக்கு எழுவராக, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் 60 நிமிட ஆட்டம்.

2016 மே 29 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடைபெற்றது. ஹங்கேரியின் வெஸ்ப்ரேம், முந்திய ஆண்டு இறுதியில் பார்சிலோனாவிடம் தோற்ற அணி. இம்முறையேனும் கோப்பை கிட்டுமென்றே தோன்றிற்று. ஏறக்குறையக் கால் மணி நேரமே எஞ்சியிருக்க, போலந்தின் கியெல்ட்சேயைவிட 28–19 என முன்னின்றது. இவ்வாட்டத்தில் கோல்கள் விரைந்து விழும்; ஆயினும் ஒன்பது கோல் எளிய தொலைவன்று என்பதே நம் கருத்து. கியெல்ட்சேயோ தளரவில்லை, இறுதி விநாடிகளில் 29–29 எனச் சமன் செய்தது. அவ்வளவு நேரத்தில் வெஸ்ப்ரேம் அடித்தது ஒரே கோல்! கூடுதல் நேரமும் 35–35. பின்னர் ஏழு மீட்டர் எறிதல்களில் 39–38 என வென்ற கியெல்ட்சே, இக்கோப்பையைப் பெற்ற முதல் போலந்து அணியாயிற்று. வெஸ்ப்ரேம் 2019-லும் இறுதிவரை வந்து தோற்றது.